கார் இல்லாதவருக்கு ஊர் இல்லை

அமெரிக்கப் புறநகர்களின் அமைதிக்கு விலை கொடுப்பவர்கள் யார்?

அமெரிக்காவின் மக்கள்தொகை 33 கோடிக்கு மேல். அவர்களில் ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் ஏறத்தாழ 23.5 கோடிப் பேர். மீதமுள்ள சுமார் 10 கோடிப் பேரிடம் உரிமம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், பார்வை மங்கிய முதியவர்கள், வலிப்பு நோயோ உடற்குறையோ உள்ளவர்கள், கார் வாங்க வசதியில்லாதவர்கள், நேற்று வந்து இறங்கிய வெளிநாட்டார் என்று பலதரப்பட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். 2017இல் அரசின் வீட்டுவசதிக் கணக்கெடுப்பு, "நீங்கள் வசிப்பது எப்படிப்பட்ட பகுதி?" என்று மக்களிடம் கேட்டது. பாதிக்கு மேற்பட்டவர்கள் புறநகர் என்று பதில் சொன்னார்கள். அந்தப் புறநகர்களில் பெரும்பாலானவற்றில் பால் வாங்கவும், முடி வெட்டிக்கொள்ளவும், மருத்துவரைப் பார்க்கவும், நூலகம் போகவும் கார் வேண்டும். இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வி தானாக எழுகிறது. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவானவர்கள் தாமாக எங்கும் போய்வர முடியாத நாட்டில், காரை நம்பியே வாழ வேண்டிய ஊர்களை இத்தனை பெருக்கியது ஏன்?

கார் ஓட்டாத அந்த 10 கோடிப் பேரும் புறநகரில்தான் வாழ்கிறார்கள் என்பதில்லை. ஆனால் புறநகரில் பிறந்து அங்கேயே முதுமை எய்தும் எவரும், வாழ்வின் தொடக்கத்திலும் முடிவிலும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்தே தீர வேண்டும். புறநகரின் அமைதி நல்லது. அதை விரும்புவதில் குற்றமில்லை. அந்த அமைதியைக் காரோடு சேர்த்து முடிச்சுப் போட்டது இயற்கையோ மக்களின் சுபாவமோ அல்ல; நிலச் சட்டமும் அரசு உறுதியளித்த கடனும் நெடுஞ்சாலைப் பணமும் சேர்ந்து போட்ட முடிச்சு அது. மனிதர் போட்டதை மனிதர் அவிழ்க்க முடியும். தமிழ்நாட்டிலிருந்தும் ஈழத்திலிருந்தும் போன குடும்பங்கள் பல்லாயிரம் இன்று இப்படிப்பட்ட ஊர்களில் வேர்விட்டிருப்பதால், இது நம் வீட்டு விஷயமும்தான்.

வீட்டைச் சுற்றி அமைதி

டெக்சஸ் மாநிலத்தில் டாலஸுக்கு வடக்கே இருக்கிறது ஃபிரிஸ்கோ. 2000இல் அதன் மக்கள்தொகை சுமார் 33,000. இருபது ஆண்டுகளில் அது இரண்டு லட்சமாகிவிட்டது. மென்பொருள் வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் திரளாகக் குடியேறிய ஊர்களில் அது ஒன்று. தமிழர்களும் அங்கே கணிசமாக இருக்கிறார்கள். இந்த மாதிரி ஊர்களின் கவர்ச்சியைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. செங்கல் முகப்பு வைத்த தனி வீடு, முன்னால் வெட்டிச் சீராக்கிய புல்தரை, பின்னால் வேலியடைத்த தோட்டம், இரண்டு கார் நிற்கும் கராஜ், நல்ல பெயரெடுத்த அரசுப் பள்ளி, இரவில் நிம்மதியான தூக்கம். ஹாரன் சத்தம் இல்லை, குப்பை இல்லை, தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சென்னையிலோ மதுரையிலோ நெரிசலான தெருவில் வளர்ந்த ஒருவர் இதை அடைந்ததற்குப் பெருமைப்பட்டால் அந்தப் பெருமை நியாயமானது.

ஆனால் இதே ஊரில் குறிப்பிட்ட தடத்தில், குறிப்பிட்ட நேரத்தில் ஓடும் நகரப் பேருந்து கிடையாது. டாலஸ் வட்டாரத்துக்கு டார்ட் என்ற பொதுப் போக்குவரத்து அமைப்பு இருக்கிறது. அதில் சேரும் ஊர்கள் தங்கள் விற்பனை வரியிலிருந்து டாலருக்கு ஒரு சென்ட் கொடுக்க வேண்டும். பக்கத்து ஊரான பிளேனோ சேர்ந்தது, ஃபிரிஸ்கோ சேரவில்லை. அந்த வரிப்பணத்தைத் தன் தொழில் வளர்ச்சிக்கும் ஊர் வளர்ச்சிக்குமான நிறுவனங்களுக்கு ஒதுக்கிக்கொண்டது. டாலஸுக்கு மேற்கே, ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் வாழும் ஆர்லிங்டனிலும் வழக்கமான தடப் பேருந்து இல்லை. செயலியில் அழைத்தால் வரும் வேன்கள் மட்டும் ஓடுகின்றன. இவை ஏழை ஊர்கள் அல்ல. காசில்லாததால் பேருந்து விடாமல் இருக்கவில்லை. பேருந்து வேண்டாம் என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அப்படித் தேர்ந்தெடுக்கும்படி அமைந்ததே அந்த ஊரின் வடிவம்.

கால் ஏக்கர் மனை அமெரிக்கப் புறநகரின் பழைய இலக்கணம். நம் கணக்கில் அது நாலரை கிரவுண்டு. ஓர் இடத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்து போகக்கூடிய வட்டத்துக்குள் சுமார் 125 ஏக்கர் அடங்கும். சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டது போக, கால் ஏக்கர் மனைகளாகப் பிரித்தால் அதற்குள் முந்நூறு, முந்நூற்றைம்பது வீடுகள்தான் வரும். அத்தனை வீடுகளை நம்பி ஒரு மளிகைக் கடை பிழைக்காது. ஒரு பேருந்துத் தடமும் பிழைக்காது. போரிஸ் புஷ்கரேவ், ஜெஃப்ரி சூபன் என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் வெளியிட்ட நூலில், அரை மணிக்கு ஒரு பேருந்து விடுவதற்கு ஏக்கருக்கு ஏழு வீடாவது வேண்டும் என்று கணக்கிட்டார்கள். இந்த அடர்த்தி குறைவோடு சாலை வடிவமும் சேர்ந்துகொள்கிறது. வீட்டுத் தெருக்கள் வளைந்து நெளிந்து முட்டுச்சந்தில் முடியும். அவற்றிலிருந்து வெளியேற ஒரே வாய் இருக்கும். அது ஆறு வழிப் பெருஞ்சாலையில் போய் விழும். வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் கடைக்குக்கூட ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும். காக்கை பறக்கும் தூரத்தில் இருப்பது கால் வைத்து நடக்கும் தூரத்தில் இல்லாமல் போகிறது.

சட்டம் போட்ட முடிச்சு

மக்கள் காரை விரும்பினார்கள், அதனால் ஊர் இப்படி வளர்ந்தது என்று சொல்வதுண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஓஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர், தன் நிலத்தை வீடு, கடை, தொழிற்சாலை என்று வகைபிரித்து, வீட்டுப் பகுதிக்குள் மற்றவை வரக்கூடாது என்று விதித்தது. 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. தனி வீடுகள் உள்ள பகுதியில் எழும் அடுக்குமாடிக் கட்டடத்தை அந்தத் தீர்ப்பு ஒட்டுண்ணி என்ற பொருளில் குறிப்பிட்டது. அதன்பின் நாடெங்கும் ஊராட்சிகள் இதே விதியைக் கைக்கொண்டன. இன்று பல அமெரிக்க நகரங்களில் குடியிருப்பு நிலத்தில் முக்கால் பங்கில் தனி வீடு தவிர வேறெதுவும் கட்டச் சட்டம் இடம் தருவதில்லை. அங்கே தெருமுனையில் ஒரு காய்கறிக் கடையோ வீட்டு முன்னறையில் ஒரு தையல் கடையோ திறக்க யாராவது முன்வந்தாலும் விதி குறுக்கே நிற்கும். ஆளில்லாமல் கடை மூடிப்போன கதை அல்ல இது. திறக்கவே அனுமதி இல்லை.

அடுத்தது கடன். 1934இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், வங்கிகள் கொடுக்கும் வீட்டுக்கடனுக்கு அரசின் காப்புறுதி தந்தது. எந்த மாதிரிக் குடியிருப்புக்குக் காப்புறுதி கிடைக்கும் என்பதற்கும் அது வழிகாட்டியது. வளைந்த தெருக்களும் முட்டுச்சந்துகளும் கொண்ட, வீடுகள் மட்டுமே உள்ள புதிய மனைப்பிரிவுகளை அது பரிந்துரைத்தது. கலப்பான பழைய நகரத் தெருக்களைச் சந்தேகத்தோடு பார்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் வீடு திரும்பிய படைவீரர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் எளிய கடன் தந்தது. 1947இல் தொடங்கிய நியூயார்க்கின் லெவிட்டவுன், சில ஆண்டுகளிலேயே பதினேழாயிரம் வீடுகளுக்கு மேல் கொண்டதாயிற்று. 1956ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் நீளத்துக்குத் திட்டமிட்டு, செலவில் தொண்ணூறு சதவீதத்தை மத்திய அரசே ஏற்றது. ரயிலுக்கும் டிராமுக்கும் அப்படியொரு உதவி கிடைக்கவில்லை. இத்தனை கைகள் ஒரே திசையில் தள்ளியபிறகு மக்கள் அந்தத் திசையில் போனதை, அவர்களாக விரும்பிப் போனதாக மட்டும் எப்படிச் சொல்வது?

வண்டி நிறுத்தும் விதி இந்த முடிச்சை இறுக்கியது. கடையின் ஒவ்வோர் ஆயிரம் சதுர அடிக்கும் நான்கு கார்களுக்கு இடம் விட வேண்டும் என்பது பல ஊர்களில் வழக்கமான விதி. வந்துபோகும் வழியோடு சேர்த்து ஒரு காருக்கு முந்நூறு சதுர அடிக்கு மேல் பிடிக்கும். ஆக, கடையைவிடக் கார் நிற்கும் இடம் பெரிது. அந்த நிலத்தின் விலை அரிசியிலும் பருப்பிலும் ஏறுகிறது; நடந்து வந்தவரும் அதைக் கொடுக்கிறார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005இல் எழுதிய பெருநூல் இதை விரிவாக நிறுவியது. இலவசம் என்று பெயர், ஆனால் எல்லாரும் கட்டும் மறைமுக வரி அது.

இந்த வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. அதே வீட்டுவசதி நிர்வாகம் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைக் கடனுக்குத் தகுதியற்றவையாக ஒதுக்கியது. லெவிட்டவுனின் தொடக்கக்கால ஒப்பந்தங்கள் வெள்ளையரல்லாதவர் குடியிருப்பதைத் தடுத்தன. 1957இல் பென்சில்வேனியாவின் லெவிட்டவுனில் முதல் கறுப்பினக் குடும்பமாக மயர்ஸ் தம்பதியர் குடியேறியபோது, கும்பல் கூடிக் கல்லெறிந்தது. இன ஒதுக்கல் பின்னர் சட்டவிரோதமாயிற்று. ஆனால் குறைந்தபட்ச மனையளவும், தனி வீடு மட்டும் என்ற விதியும் நீடித்தன. பணமில்லாதவரை வெளியே நிறுத்த அவையே போதும். இன்று அதே புல்தரைகளில் தமிழ்க் குடும்பங்கள் வாழ முடிவதற்கு, அந்தக் கதவைத் தட்டி அடிபட்டவர்களின் போராட்டமும் ஒரு காரணம்.

பிள்ளைகளும் பெற்றோரும்

கார் ஓட்டாதவர்களில் முதலிடம் பிள்ளைகளுக்கு. 1969இல் அமெரிக்காவின் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009இல் அது 13 சதவீதமாகச் சுருங்கியது. பள்ளிகள் பெரிதாகி ஊரின் ஓரத்துக்குப் போனதும், குறுக்கே பெருஞ்சாலைகள் வந்ததும் முக்கியக் காரணங்கள். பள்ளி மட்டுமல்ல, விளையாட்டும் கார் ஏறிப் போகும் காரியமாகிவிட்டது. பெற்றோர் இருவர் நாள் குறித்து, நேரம் குறித்து, கொண்டுவந்து விட்டு, திரும்ப அழைத்துப் போனால்தான் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து விளையாட முடியும். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை கற்க வேண்டியவை பல: தனியாகக் கடைக்குப் போய் மீதிக் காசு எண்ணி வாங்குவது, வழி தவறினால் யாரையாவது கேட்பது, தன்னைவிட வயதில் மூத்தவரோடு பேசிப் பழகுவது. அவற்றைக் கற்கும் இடம் தெரு. அந்தத் தெருவில் பிள்ளை தனியாக நடப்பது எவ்வளவு அரிதாகிவிட்டது என்றால், அதைப் பெற்றோரின் அலட்சியம் என்று கருதக்கூடாது என்று யூட்டா மாநிலம் 2018இலும் டெக்சஸ் 2021இலும் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

அடுத்தவர்கள் முதியவர்கள். அமெரிக்க முதியவர்கள் கார் ஓட்டும் திறனை இழந்தபிறகு சராசரியாக ஏழு முதல் பத்து ஆண்டுகள் உயிர்வாழ்கிறார்கள் என்று முதுமையியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடன் அடைத்துச் சொந்தமாக்கிய வீடு, அந்த ஆண்டுகளில் அவர்களைக் கட்டிப்போடும் வீடாகிறது. நம் பெற்றோரின் நிலை இதைவிடக் கடினம். சுற்றுலா விசாவில் பொதுவாக ஆறு மாதம் தங்க வருகிற தாய் தந்தையர், ஊரில் காலையில் காய்கறி வாங்கி, மாலையில் கோயிலுக்கு நடந்து, வழியில் நாலு பேரோடு பேசி வாழ்ந்தவர்கள். எழுபது வயதில் தானாக வங்கிக்குப் போய்வந்தவர், மகன் வீட்டில் சனிக்கிழமை வரும்வரை வெளியுலகம் பார்க்க மாட்டார். மகனுக்கும் மருமகளுக்கும் அன்பில்லை என்பதல்ல காரணம். வார நாட்களில் இருவரும் வேலையில் இருக்கிறார்கள், இடையில் அவர்களைக் கொண்டுபோக எந்தப் பேருந்தும் இல்லை. திரும்பி வந்த பெற்றோர் பலர் "எல்லா வசதியும் இருக்கு, ஆனா நமக்குச் சரிப்படாது" என்று சொல்லும்போது, குற்றம் தங்களிடம் இருப்பதாகவே நினைக்கிறார்கள். குற்றம் ஊரின் வரைபடத்தில் இருக்கிறது.

ஹெச்-4 விசாவில் கணவரோடு வரும் மனைவியருக்கு 2015 வரை வேலை செய்ய அனுமதியே இல்லை. அதன்பிறகும் நிரந்தர வசிப்புரிமைக்கான ஒரு கட்டத்தை எட்டிய குடும்பங்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. படித்து, வேலை பார்த்துப் பழகிய ஒரு பெண், வருமானமும் இல்லாமல், ஓட்டுநர் உரிமமும் இல்லாமல், கடை கண்ணி தெரியாத தெருவில் முதல் ஆண்டைக் கழிக்கிறார். கார் ஓட்டக் கற்றுக்கொண்டால் தீர்ந்துவிடும் என்பார்கள். கற்றபிறகு பெரும்பாலும் நடப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கும் வகுப்புக்கும் ஏற்றி இறக்கும் வேலை அவர் தலையில் விழுவதுதான். தான் போக முடியாத நிலையிலிருந்து, பிறரைக் கொண்டுபோகும் பொறுப்புக்கு அவர் மாறுகிறார். நடந்தோ பேருந்திலோ போகக்கூடிய ஊரில் பத்து வயதுப் பிள்ளை தானே செய்துகொள்ளும் காரியங்களுக்கு இங்கே ஒரு பெரியவரின் பிற்பகல் முழுதும் செலவாகிறது.

பணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். புதிய கார் ஒன்றை வைத்து ஓட்ட ஆண்டுக்குச் சுமார் 12,000 டாலர் ஆகிறது என்று அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏ.ஏ.ஏ. 2023இல் கணக்கிட்டது. வீட்டில் இரண்டு கார் என்றால் இருமடங்கு. அமெரிக்கக் குடும்பங்களின் செலவில் வீட்டுக்கு அடுத்த இடம் போக்குவரத்துக்கு. உணவு அதற்கும் கீழே வருகிறது. வசதியான குடும்பம் இதைத் தாங்கும். அந்தக் குடும்பத்தின் வீட்டைச் சுத்தம் செய்ய வருகிறவர், உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவர், முதியோர் இல்லத்தில் பணிவிடை செய்கிறவர் ஆகியோருக்கு, வேலைக்குப் போவதற்கே முன்பணமாகக் கார் கேட்கிறது இந்த ஊர்.

உயிரிழப்பும் உண்டு. அமெரிக்காவில் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் 2009இல் சுமார் 4,100 பேர். 2022இல் 7,500க்கு மேல். இந்த விபத்துகளில் பெரும்பங்கு முட்டுச்சந்துகளில் நடப்பதில்லை. அவற்றின் வண்டிகளெல்லாம் வந்து சேரும் பெருஞ்சாலைகளில் நடக்கிறது. அந்தச் சாலை ஓரங்களில்தான் நில விதிகள் அடுக்குமாடி வீடுகளை ஒதுக்குகின்றன. தனி வீடுகளுக்கும் இரைச்சலுக்கும் நடுவே அவை தடுப்பாக நிற்கின்றன. கார் வாங்க முடியாதவர் பெரும்பாலும் குடியிருப்பதும் அங்கேதான். உள்தெருவின் அமைதி, இரைச்சலை இல்லாமல் ஆக்கிக் கிடைத்ததல்ல. இரைச்சலையும் ஆபத்தையும் வேறொருவர் ஜன்னலுக்குத் தள்ளிவிட்டுக் கிடைத்தது.

தனிமை இதன் இன்னொரு விளைவு. அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி 2023இல் தனிமையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அறிவித்து அறிக்கை வெளியிட்டார். ராபர்ட் பட்னம் 2000இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில், தினசரிப் பயணத்தில் பத்து நிமிடம் கூடினால் ஒருவர் பொதுக் காரியங்களில் பங்கேற்பது ஏறத்தாழப் பத்து சதவீதம் குறைகிறது என்று காட்டினார். தனிமைக்குக் காரணங்கள் பல. கைபேசித் திரைக்கும் அதில் பங்குண்டு. ஆனால் கராஜ் கதவு திறந்து கார் உள்ளே போய்க் கதவு மூடிவிட்டால், பக்கத்து வீட்டாரைப் பார்க்க வேறு சந்தர்ப்பம் இல்லாத தெருவில் பழக்கம் எப்படி முளைக்கும்?

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் வலுவானது. மக்கள் இதைத்தானே விரும்புகிறார்கள்? பியூ ஆய்வு மையம் 2023இல் கேட்டபோது, கடையும் பள்ளியும் தள்ளியிருந்தாலும் பெரிய வீடு போதும் என்று 57 சதவீதத்தினர் சொன்னார்கள். அந்த விருப்பத்தை மதிக்க வேண்டும். ஆனால் 42 சதவீதத்தினர், வீடு சிறிதாக இருந்தாலும் நடந்து போகும் தூரத்தில் எல்லாம் இருக்கட்டும் என்றார்கள். பத்தில் நால்வர் கேட்கும் ஊரை, குடியிருப்பு நிலத்தின் முக்கால் பங்கில் கட்டவே கூடாது என்று சட்டம் தடுக்கும்போது, அதை விருப்பத்தின் வெற்றி என்று சொல்ல முடியாது. நடந்து போகக்கூடிய பழைய அக்கம்பக்கங்கள் பல அமெரிக்க நகரங்களில் வாடகை மிகுந்த இடங்களாக இருப்பதே, அவை தேவைக்குக் குறைவாக இருப்பதற்கு அடையாளம்.

இரண்டாவது, பிள்ளைகளின் பாதுகாப்பும் பள்ளியும். பெற்றோரின் மனத்தில் இதுவே எல்லாவற்றுக்கும் மேல். நல்ல பள்ளி புறநகரில் இருப்பதற்குச் சொத்துவரியும் குடியேறியவர்களின் வருமானமும் காரணங்கள், முட்டுச்சந்து அல்ல. பாதுகாப்பு என்று பார்த்தால், அமெரிக்கப் பிள்ளைகளின் உயிரைப் பல பத்தாண்டுகளாக மிக அதிகம் பறித்தது வாகன விபத்து. 2020இல்தான் துப்பாக்கி அந்த இடத்தைப் பிடித்தது. அந்நியர் பயத்தால் பிள்ளையை எப்போதும் காரில் ஏற்றும் பெற்றோர், அறியாமலே பெரிய ஆபத்துகளில் ஒன்றைத் தேர்கிறார்கள்.

மூன்றாவது, நாடு பெரிது, வெயில் கடுமை, இங்கே நடப்பது சாத்தியமில்லை என்பது. நாடு பெரிதுதான். ஆனால் அமெரிக்கர் மேற்கொள்ளும் பயணங்களில் பாதிக்கு மேல் மூன்று மைலுக்குள் முடிந்துவிடுகின்றன என்று போக்குவரத்துத் துறையின் கணக்குகள் காட்டுகின்றன. கலிபோர்னியாவுக்கும் நியூயார்க்குக்கும் இடையிலுள்ள தூரம் யாரையும் பால் வாங்கப் போகவிடாமல் தடுப்பதில்லை. டெக்சஸ் வெயில் உண்மையே. நூறு டிகிரி வெயிலில் நடப்பது என்னவென்று தமிழருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நிழல்மரமும், நிழற்குடை வைத்த பேருந்து நிறுத்தமும், பத்து நிமிடத்தில் வரும் பேருந்தும் இருந்தால் வெயில் தாங்கும். பரந்த தார்ப்பரப்பும் வெட்டவெளியும் வெயிலைக் கூட்டவே செய்யும்.

நான்காவது, தொழில்நுட்பம் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை. பொருள் வாசலுக்கு வருகிறது, கைபேசியில் அழைத்தால் டாக்ஸி வருகிறது, ஓட்டுநர் இல்லாத காரும் சில நகரங்களில் ஓடத் தொடங்கிவிட்டது. இவை உதவிதான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வாசலுக்கு வரும் பெட்டி ஒரு முதியவரின் தனிமையைப் போக்காது. ஒவ்வொரு முறை வெளியே போகவும் பத்து இருபது டாலர் கேட்கும் ஏற்பாடு, ஏழைக்கும் பிள்ளைக்கும் ஏற்பாடே ஆகாது. காரை யார் ஓட்டினாலும் தூரம் குறையாது, நிறுத்தும் இடமும் நெரிசலும் மறையா. ஹூஸ்டனின் கேட்டி நெடுஞ்சாலையை 2008இல் சில இடங்களில் இருபத்தாறு வழிகள் வரை அகலப்படுத்தினார்கள். சில ஆண்டுகளிலேயே நெரிசல் திரும்பிவிட்டது. வண்டிக்கு இடம் கூட்டிக்கொண்டே போவதால் விடிவில்லை என்பதற்கு அது போதுமான சான்று.

ஸ்கார்பரோவின் பாடம்

கடைசி எதிர்வாதம் இது: அடர்த்தி கூடினால், பேருந்து வந்தால், அமைதி போய்விடுமே? இதற்கு விடை கனடாவில், தமிழர் நன்கறிந்த ஓர் ஊரில் இருக்கிறது. டொரன்டோவின் கிழக்கிலுள்ள ஸ்கார்பரோவும் போருக்குப்பின் காரை மனத்தில் வைத்து எழுந்த புறநகர்தான். உள்ளே வளைந்த தெருக்கள், தனி வீடுகள், புல்தரைகள், அமைதி எல்லாம் உண்டு. வேறுபாடு இரண்டு. பெருஞ்சாலைகள் கட்டம் கட்டமாக நேராக ஓடுகின்றன. அவற்றின் ஓரத்தில் அடுக்குமாடி வீடுகளையும் கடைகளையும் அனுமதித்தார்கள். மற்றது, 1954இல் டொரன்டோ போக்குவரத்து ஆணையம் புறநகர்கள் உட்பட மாநகர் வட்டாரம் முழுவதன் பேருந்துப் பொறுப்பையும் ஏற்றது. 1973இல் நகருக்கு ஒரு கட்டணம், புறநகருக்கு ஒரு கட்டணம் என்ற பிரிவினையையும் நீக்கியது. அதனால் லாரன்ஸ், ஃபின்ச், மார்க்கம் சாலை போன்ற தடங்களில் பேருந்து அடிக்கடி வருகிறது.

1983க்குப்பின் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள் ஸ்கார்பரோவில் திரண்டதற்கு வாடகை வீடுகள் கிடைத்தது ஒரு காரணம். கார் வாங்குமுன்பே வேலைக்குப் போக முடிந்தது இன்னொன்று. இரவுப் பணி முடித்துப் பேருந்தில் திரும்ப முடிந்ததால்தான் முதல் தலைமுறை ஊன்றி நின்றது. தமிழ்க் கடையும், புடவைக் கடையும், மருத்துவரும் பேருந்துத் தடத்திலேயே அமைந்தார்கள். ஓட்டத் தெரியாத அம்மம்மாவும் அப்பப்பாவும் தாமாகப் போய்வர முடிந்தது. ஸ்கார்பரோ குறையற்ற ஊர் அல்ல. அதன் அகலச் சாலைகளைக் கடப்பது ஆபத்து. 1985இல் தொடங்கிய அதன் இலகு ரயில் 2023இல் தடம்புரண்டு, அதோடு நின்றுபோனது. பதிலாக வரும் சுரங்க ரயிலுக்கு மக்கள் காத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒன்றை அது ஐயமற நிறுவுகிறது. அமைதியான உள்தெருவும், பத்து நிமிடத்தில் வரும் பேருந்தும் ஒரே ஊரில் இருக்க முடியும். கார் விருப்பமாக இருக்கலாம். கட்டாயமாக இருக்கத் தேவையில்லை.

அமெரிக்காவிலும் முடிச்சு அவிழத் தொடங்கியிருக்கிறது. மினியாபொலிஸ் நகர மன்றம் 2018இல் தனி வீடு மட்டும் என்ற விதியைக் கைவிட முடிவு செய்தது. ஒரேகன் 2019இலும் கலிபோர்னியா 2021இலும் மாநில அளவில் அதைத் தளர்த்தின. டெக்சஸின் தலைநகர் ஆஸ்டின் 2023இல் கட்டாய வண்டி நிறுத்தும் விதியை நீக்கியது. டெக்சஸ் சட்டமன்றம் 2025இல், பெரிய நகரங்களின் புதிய மனைப்பிரிவுகளில் 3,000 சதுர அடிக்கு மேல் மனை கேட்டுக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று சட்டம் செய்தது. நம் கணக்கில் அது ஒன்றேகால் கிரவுண்டு. குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் ஆளும் மாநிலங்கள் இரண்டிலும் இது நடப்பதால், கட்சிச் சண்டையாக இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் சின்ன மனை மட்டும் போதாது. நடைபாதை, முட்டுச்சந்திலிருந்து வெளியேறும் நடைவழி, பள்ளிக்கும் கடைக்கும் பாதுகாப்பாகச் சாலை கடக்கும் இடம், நம்பத்தக்க பேருந்து ஆகிய நான்கும் சேர வேண்டும். முட்டுச்சந்தின் முனையில் வேலியைத் திறந்து ஆறடி அகலத்தில் ஒரு நடைவழி விட்டால், ஒரு மைல் தூரம் முந்நூறு அடியாகலாம். கார் எதுவும் உள்ளே வராது, அமைதி குலையாது.

இந்த முடிவுகள் வாஷிங்டனில் எடுக்கப்படுவதில்லை. மாநிலச் சட்டம் போக மற்றவை ஊர் மன்றத்திலும் நில விதிக் குழுவிலும், பெரும்பாலும் இருபது முப்பது பேர் மட்டும் வரும் கூட்டங்களில் எடுக்கப்படுகின்றன. அங்கே பேசக் குடியுரிமை கேட்பதில்லை, குடியிருந்தால் போதும். பேருந்து வேண்டாம், அடுக்குமாடி வேண்டாம் என்று சொல்ல வருகிறவர்கள் தவறாமல் வருகிறார்கள். அந்த ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் இக்கட்டுரை கேட்பது இதுதான்: அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பேருந்தும் நடைவழியும் வேண்டும் என்று பதிவு செய்யுங்கள். ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவுக்காக, பத்து வயதுப் பிள்ளைக்காக, உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவருக்காகப் பேசுங்கள். சாவியை ஒருநாள் நீங்களும் கீழே வைக்க வேண்டிவரும்; அப்போது கேட்பதற்குக் காலம் இருக்காது. காரில்லாதவரையும் குடிமக்களாக மதிக்கும் ஊரே முழுமையான ஊர்.